ஞாயிற்றுக்கிழமைப் புகார்

'சுமார்' என்று யாராவது சொன்னால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். மணி கேட்டால் பதினொன்று பதினேழு என்பார். பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தவர். இரும்பைக் கடைந்து கடைந்து கண்ணும் நாக்கும் அப்படிப் பழகிவிட்டன. "ஏறக்குறையன்னு ஒரு சாமானம் செய்ய முடியாதும்மா. மயிரிழ கூடுனா உள்ள போவாது, மயிரிழ கொறஞ்சா கெடந்து ஆடும்" என்பார். இப்படிப்பட்ட மனிதர் எங்கள் மாயக்கதைக் கூட்டத்தில் எப்படி வந்து மாட்டினார் என்று ஆரம்பத்தில் நான் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது என் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒரு மாயத் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. கடலுக்கு அடியில் பதினோரு கோட்டைகள், அவற்றைக் காக்கும் சங்குப் படை, ஒரு வாயில்காவலன், அவன் மகள் முத்தாழி. பதினோராவது கோட்டைக்குள் முத்தாழி அடைபட்டு நிற்கும்போது எழுதியவர் தொடரை நிறுத்திவிட்டார். ஏன் என்று இன்றுவரை தெரியாது. நாங்கள் விடுவோமா? வாசகர்களே ஒரு தளத்தைத் தொடங்கி, அவரவர் மனம்போல மேற்கொண்டு எழுதிப் பகிர ஆரம்பித்தோம். ஒருவர் கதையில் முத்தாழிக்குக் கல்யாணம், இன்னொருவர் கதையில் அவளே ராணி. நான் அந்தத் தளத்தின் பொறுப்பாளர்களில் ஒருத்தி. பகலில் பாளையங்கோட்டையில் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசை, மற்ற நேரமெல்லாம் கடலடிதான்.

எங்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஓர் உறுப்பினர் பாதியில் விட்ட கதையை அவர் சம்மதமில்லாமல் இன்னொருவர் தொடரக்கூடாது. கதைக்குச் சொந்தக்காரர் தன் கணக்கிலிருந்து புகார் செய்தால் அன்றே எடுத்துவிட வேண்டும். உறுப்பினர் எந்த ஊர், உண்மைப் பெயர் என்ன என்பதை வெளியே மூச்சு விடக்கூடாது. நாங்களே அடுத்தவர் அடுப்பில் உலை வைத்தவர்கள். ஆனாலும் எங்களுக்குள் இந்த விஷயத்தில் படு கறார்.

அவர் வந்த புதிதில் கதை எழுதவில்லை, கேள்விதான் கேட்டார். "மூன்றாம் அத்தியாயத்தில் வாயிற்கதவு பன்னிரண்டு முழம். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் பதினைந்து முழம். எது சரி?" பல பேர் அத்தனை வருடம் உருகி உருகிப் படித்த தொடரில் ஒருவருக்கும் கண்ணில் படாத விஷயம் அது. யாராவது கோட்டையிலிருந்து தப்பிக்கும் காட்சி எழுதினால் உடனே கீழே வந்து நிற்பார். கீல் எந்தப் பக்கம்? தாழ்ப்பாள் மரமா, இரும்பா? உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்காதா? நாங்கள் அவருக்குக் கதவுக்காரர் என்று பெயர் வைத்தோம். ஏதோ ஓய்வுபெற்ற வாத்தியார், பொழுது போகாமல் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

கேள்வி கேட்பது போக இன்னொரு காரியமும் செய்தார். தளத்தில் 'பதினோராவது வாசல்' என்று ஒரு கதை இருந்தது. யாரோ ஒரு பெண் எழுதியது. நாற்பத்தோரு அத்தியாயம். எங்கள் கூட்டத்திலேயே நல்ல கதை அதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். முத்தாழி கதவின் தாழில் கைவைக்கிற இடத்தில் திடீரென்று நின்றுபோய், அதன் பிறகு இரண்டு வருடம் அந்தப் பெண்ணிடமிருந்து சத்தமே இல்லை. அதன் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் கீழே அவர் எழுதிக்கொண்டே போனார். "வந்துரு." "எல்லாம் சரி பண்ணிட்டேன், வந்துரு." "இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன், வந்துரு தாயி."

அடுத்த அத்தியாயத்துக்காக ஏங்குகிறார் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டோம். எங்களைப் போன்ற கிறுக்குகளுக்கு வேறு எப்படித் தோன்றும்? "ஆமாம், வந்துருங்க! நாங்களும் காத்திருக்கோம்!" என்று பத்து பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி கைகூப்புகிற படம் போட்டாள். நானும் ஒரு இதயம் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கதையின் நாற்பத்திரண்டாம் அத்தியாயம் வந்தது. ஆவலோடு திறந்தால், போட்டவர் கதவுக்காரர். கதவு எப்படித் திறக்கும் என்று மூன்று பக்கம். எத்தனை பல் சக்கரம், சங்கிலிக்கு எத்தனை கண்ணி, ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் நகரும் என்று எல்லாம் இருந்தது, முத்தாழியைத்தான் காணோம். "இது கதையா, ஐடிஐ பாடமா?" என்று ஒருவன் எழுதினான். திருட்டு, திருட்டு என்று கூச்சல் கிளம்பியது. மத்தியானம் புகாரும் வந்துவிட்டது. கதையின் சொந்தக் கணக்கிலிருந்தே வந்தது. இரண்டு வருடம் வாய் திறக்காத பெண், "இது என் கதை. எடுத்துவிடுங்கள்" என்று இரண்டே வாக்கியம் எழுதியிருந்தாள். நான் எடுத்தேன். எடுத்ததோடு நிற்காமல், அவருக்குக் கட்டுப்பாடுகளை எடுத்துச் சொல்லி ஒரு காரமான கடிதமும் அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. "தாயி, நான் திருடன் இல்ல. அது எம் பிள்ள எழுதுன கத. மிச்சத்த நாந்தான் ஒடச்சேன். ஒடச்சவன்தான ஒட்டணும். பேட்டையில வந்து யாருகிட்ட வேணும்னாலும் என்னய விசாரிங்க."

அவர் என் ஊர்க்காரர் என்பதே அப்போதுதான் தெரியும். மறுநாள் மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போன நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பேட்டைக்குப் போனேன். உறுப்பினரை நேரில் போய்ப் பார்ப்பதும் எங்கள் வழக்கத்தில் இல்லாத காரியம்தான். பட்டறை தொழிற்பேட்டைக்குள் கடைசி வரிசையில் இருந்தது. ஒல்லியான மனிதர், சட்டையெல்லாம் கிரீஸ். என்னைக் கண்டதும் லேத்தை நிறுத்திவிட்டு, ஸ்டூலைத் துணியால் இரண்டு தடவை துடைத்துப் போட்டார்.

"இங்கன வச்சுத்தாம்மா" என்றார். மேசையில் பொருத்தியிருந்த பெஞ்ச் வைஸைக் காட்டினார். இரும்புத் துண்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும் பிடிப்பான் அது. "பிள்ளைக்கு நாலு பாடத்துல பெயிலாப் போயிட்டு. காலேஜுல இருந்து என்னயக் கூப்பிட்டுச் சொல்லுதாங்க. இவ இங்கன வந்து உக்காந்து போன்ல என்னமோ எழுதிக்கிட்டு இருக்கா. என்னட்டின்னு கேட்டா, கதைங்கா. பிடுங்கி இதுக்குள்ள வச்சு ஒரு முறுக்கு முறுக்குனேன்."

"அவங்க என்ன சொன்னாங்க, அண்ணாச்சி?"

"ஒண்ணும் சொல்லல. சத்தம் போட்டாக்கூட நான் பாதில நிறுத்தியிருப்பேன். சும்மா பாத்துக்கிட்டே நின்னா. நாலேகால் சுத்து சுத்துனேன்."

நாலேகால் சுற்று. அந்த நேரத்திலும் அவர் கை எண்ணியிருக்கிறது. அந்த போனில்தான் தளத்தில் போடாத மிச்ச அத்தியாயமெல்லாம் இருந்தது. மறுநாள் காலையில் 'தேடாதீங்க' என்று ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டுப் பெண் போய்விட்டாள். இருபது வயது. காவல் நிலையத்தில், மேஜர் பெண், தானாகப் போயிருக்கிறாள், நாங்கள் என்ன செய்ய என்றார்கள். உடைந்த போனைத் தூக்கிக்கொண்டு ஜங்ஷனில் உள்ள கடைகள் அத்தனையும் ஏறி இறங்கியிருக்கிறார். எல்லாரும் கையை விரித்தார்கள். கதையின் தலைப்பு மட்டும் அன்றைக்குத் திரையில் கண்ணில் பட்டிருந்தது. அதை வைத்துத் தேடித் தேடி எங்கள் தளத்துக்கு வந்து சேர்ந்தார். மூலத்தொடரை இரண்டு முறை முழுக்கப் படித்தார். ஐம்பத்தாறு வயதில், ஒற்றை விரலால் தட்டச்சு பழகினார். வீட்டில் மனைவி சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாராம், பேச்சு கிடையாது.

"ரெண்டு வருசத்துல, ஆத்துல எந்தப் பொம்பளப்பிள்ள மெதந்தாலும் ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னுருக்கேம்மா. நாலு தடவ. துணிய வெலக்கிப் பாத்துட்டு, எம் பிள்ள இல்லன்னு சந்தோசமா வீட்டுக்கு வருவேன். அதுவும் ஒரு பெத்தவன் பிள்ளதான. அப்பிடி ஆக்கிட்டு என்னய." துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது. "சரி, புகார் சொன்னது யாருன்னாவது சொல்லுங்க. அவுகளுக்கு எம் பிள்ளயத் தெரிஞ்சிருக்கும்லா?"

அவருக்கு விளங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. புகாரைச் சொந்தக் கணக்கிலிருந்துதான் செய்ய முடியும் என்று உறுப்பினர் எல்லாருக்கும் தெரியும். இவருக்குத் தெரியவில்லை. கட்டுப்பாடாவது மண்ணாங்கட்டியாவது என்று சொல்லிவிட்டேன்.

"கதைக்குச் சொந்தக்காரங்கதான் அண்ணாச்சி புகார் பண்ணியிருக்காங்க."

லேத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எப்பம்?"

"நேத்து."

"நேத்து எத்தன மணிக்கு?"

போனைத் திறந்து பார்த்தேன். "மூணு இருபதுக்கு."

"நேத்து மூணு இருபதுக்கு இருந்திருக்கா" என்றார். அதையே இன்னொரு தடவை சொன்னார். பிறகு அப்படியே இரும்புச் சுருள்களுக்கு மேல் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, சத்தமாக அழுதார். பக்கத்துப் பட்டறைக்காரர் ஓடிவந்து என்னை முறைத்தார்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு நாற்பத்து மூன்றாம் அத்தியாயத்தைப் போட்டார். நான் பதறிப்போய்க் கூப்பிட்டேன். "அவ புகார் பண்ணட்டும்மா" என்றார். "பண்ணிக்கிட்டே இருக்கட்டும். எனக்கு வேற என்ன வேணும்?"

அன்றைக்கு நாலு ஏழுக்குப் புகார் வந்தது. அதற்கு அடுத்த வாரம் இரண்டு ஐம்பத்தொன்று. அவருக்கு நேரம் துல்லியமாக வேண்டும். சொன்னதும் "சரிம்மா" என்று வைத்துவிடுவார். அந்த வாரத்துக்கு அது போதும். என்னால் அதைப் புரிந்துகொள்ள முடிந்தது. என் வாப்பா இருபது வருடம் சவூதியில் இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அவர் குரல் வந்தால்தான் மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டில் சோறு இறங்கும். மற்ற பொறுப்பாளர்கள் கதவுக்காரரை நீக்கச் சொல்லிக் குதித்தார்கள். அவர் புதிய ஆள், பழகிக்கொள்கிறார் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிக் காலத்தை ஓட்டினேன். இதற்குள் ஞாயிறு காலை பத்துக்கு வந்து, எடுப்பதற்கு முன்னால் அவசர அவசரமாகப் படித்துவிட்டுப் போக ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது.

ஐந்தாவது வாரப் புகாரில் ஒரு வரி கூட இருந்தது. "முத்தாழி அழமாட்டாள்." அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் அவர் முத்தாழியை அழவிட்டிருந்தார். அப்படியானால் அவள் கடைசி வரை படிக்கிறாள்! போனில் அதை வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் லேத் ஓடும் சத்தம் நின்றது. "ஆமாம்மா, அழமாட்டா. அன்னைக்கும் அழலலா" என்றார். அடுத்த வாரத்திலிருந்து முத்தாழி அழவில்லை. ஏழாவது வாரம், "கதவு உள்பக்கம் திறக்காது, வெளிப்பக்கம்தான்" என்று வந்தது. மனிதர் வரைபடத்தையே மாற்றிவிட்டார். தப்பைத் திருத்துகிற ஆள் கிடைத்துவிட்டால் அவருக்குச் சொர்க்கம்தான். குரலே மாறிவிட்டது. எனக்கு நல்ல கருப்பட்டி இரண்டு வட்டு கொடுத்தனுப்பினார்.

அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும்.

ஒன்பதாவது வாரம் புகார் வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. பொறுப்பாளர் என்ற முறையில் பதில் எழுத எனக்கு வழி இருந்தது. எழுதினேன். எழுதுகிறவர் உங்கள் அப்பா, உங்களைத் தேடி உருக்குலைந்து போயிருக்கிறார், ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள் என்று, கண்ணீரும் கம்பலையுமாக ஒரு பக்கம். அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கும். அப்படிக் கதவைக் கட்டுகிற ஆள் வேறு யார்? தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டு, ஞாயிறு தோறும் வந்து படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். அவள் திறந்து வைத்திருந்த இடுக்கு அவ்வளவுதான். நான் போய் அதைத் தோளால் இடித்தேன்.

அடுத்த ஞாயிறு புகார் வரவில்லை. இருட்டும் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் பல் மருத்துவமனையைத் திறந்து மேசையில் உட்கார்ந்ததும், நானே அந்த அத்தியாயத்தை எடுத்தேன். அவரைக் கூப்பிட்டு, "புகார் வந்துட்டு அண்ணாச்சி, நேத்து மூணு மணி வாக்குல" என்றேன். "சரிம்மா" என்றார்.

இப்படியே மூன்று மாதம் ஓடியது. ஞாயிறு பத்து மணிக்கு அவர் போடுவார், திங்கள் காலை நான் எடுப்பேன். ஒவ்வொரு முறையும் கை கூசும். இந்த வாரம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று சனிக்கிழமை தோறும் முடிவு செய்வேன். துணியை விலக்கிப் பார்த்த அந்த நாலு தடவை ஞாபகம் வந்துவிடும். அத்தியாயங்கள் நன்றாகிக்கொண்டே வந்தன, அதுதான் கொடுமை. சக்கரமும் சங்கிலியும் குறைந்து முத்தாழி வந்துவிட்டாள். வாயில்காவலன் பேசவே மாட்டான், கதவுக்குப் பக்கத்தில் அரத்தால் எதையாவது ராவிக்கொண்டே இருப்பான்.

ஆயுத பூஜைக்குப் பட்டறைக்கு வரச் சொல்லியிருந்தார். போனேன். லேத், துளைபோடும் இயந்திரம், ஸ்பானர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். அந்த வைஸுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. பொரியும் கடலையும் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, பைய என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, அவகிட்ட நீங்க ஏதும் சொன்னீங்களோ?"

பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்தேன்.

"முன்னல்லாம் சாயங்காலத்துக்குள்ள போயிரும். இப்பம் திங்கக்கெழம ஒம்பது மணிக்குப் போவுது. ஒரு வாரமாவது ஒம்பது பத்துன்னு ஆவணும்லா? அதுகூட வேண்டாம். நீங்க மூணு மணி வாக்குலன்னு சொன்னிய பாருங்க, அன்னைக்கே தெரிஞ்சு போச்சு."

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றேன். நான் அவளுக்கு எழுதியதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் வைஸின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்ய? நானும் அப்பிடித்தான் எழுதியிருப்பேன். முறுக்குத கைக்கு எங்க நிறுத்தணும்னு தெரியாதுலா." எழுந்து என் ஸ்கூட்டருக்கும் பொட்டு வைத்தார். கிளம்பும்போது கிட்டே வந்து, பக்கத்துப் பட்டறைக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "நாளைக்கழிச்சு நாயித்துக்கெழம. போடுவேன். நீங்க எடுத்துருங்க. எடுக்காம மட்டும் இருந்திராதீங்கம்மா. அப்பிடியே கெடந்துச்சுன்னா என்னால பாக்க முடியாது."

அதன் பிறகும் எடுத்தேன். போன் செய்வதை மட்டும் இருவரும் விட்டுவிட்டோம்.

தை பிறந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்துப் பட்டறைக்காரர் என்னைக் கூப்பிட்டார். லேத் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எழுபத்தெட்டாம் அத்தியாயத்தை அதற்கு முந்தின ஞாயிறு போட்டிருந்தார். அந்தத் திங்கட்கிழமை மருத்துவமனையில் கூட்டம், எடுக்க மறந்திருந்தேன். கடைசியாக அவர் தளத்தைத் திறந்தபோது அது அப்படியே கிடப்பதைப் பார்த்திருப்பாரோ என்ற நினைப்பு என்னை இன்னும் விடவில்லை.

துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் மனைவி ஒரு விஷயம் சொன்னார். மகளின் பள்ளிக்கூடச் சீருடைக்குத் தையல்காரரை அளவெடுக்க விடமாட்டாராம். இவரே பட்டறை ஸ்கேலால் அளந்து சீட்டில் எழுதிக் கொடுப்பாராம். "கடைசியா அளந்தப்போ தோள் பதினாலு அங்குலம். ஊரெல்லாம் சிரிச்சுது" என்றார். சிரிக்கத்தான் முயன்றார்.

வீட்டுக்கு வந்து எழுபத்தெட்டாம் அத்தியாயத்தைப் படித்தேன். முப்பத்தேழு வாரமாகக் கதவுக்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்த முத்தாழியை அதில் வெளியே அனுப்பிவிட்டார். காவலன் கூப்பிடவில்லை, பின்னால் போகவில்லை. அவள் போன பிறகு கீலுக்கு எண்ணெய் விடுகிறான். கதவை அடைக்கலாமா என்று சங்குப் படை கேட்கிறது. வேண்டாம் என்கிறான். கடைசி வரி: "இடைவெளி பதினாலு அங்குலம் இருந்தது."

இரண்டு வருடம் ஆகிறது. மற்ற பொறுப்பாளர்கள் இப்போதும் கேட்கிறார்கள், திருட்டு அத்தியாயம் ஒன்று தளத்தில் கிடக்கிறதே, எடுக்கவில்லையா என்று. நான் எடுக்கவில்லை. ஞாயிறு தோறும் மத்தியானம் மூணு இருபதுக்குப் புகார்ப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். கதைக்குச் சொந்தக்காரி சொல்லட்டும். புகார் வரட்டும்.